மூன்றாவது பொத்தான்

அத்தையின் அலுவலகத்தில் அவளுக்குக் 'கழுகு' என்று பேர். நேரில் "மேடம்" என்பார்கள், முதுகுக்குப் பின்னால் கழுகு. இரண்டு கண்ணும் தெரியாத ஒருத்திக்கு அந்தப் பேரை வைத்தது யார் என்று அவளுக்குத் தெரியும். அவரிடமே போய், "பேரு நல்லாத்தான் இருக்கு. ஆனா கழுகு போய் கக்கூஸ் பக்கத்து ஸீட்டுல உட்காருமா?" என்று கேட்டாளாம். அடுத்த வாரம் ஜன்னல் ஓரத்தில் இடம் கிடைத்தது. "ஜன்னலை வச்சுக்கிட்டு நான் என்னடி பண்றது? நாத்தம் இல்லாம இருந்தாப் போதும்னுதான் கேட்டேன்" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

இணையதளங்களைச் சோதிப்பது அவள் வேலை. பார்வை இல்லாதவர்கள் கணினியில் மவுஸைத் தொடுவதில்லை. விசைகளைத் தட்டித் தட்டி ஒவ்வொரு இடமாகத் தாண்டிப் போவார்கள். போகிற இடத்தில் இருப்பதை ஒரு குரல் வாசித்துச் சொல்லும். அதற்குத் திரைவாசிப்பான் என்று பேர். ஒரு படத்துக்குப் பின்னால் யாராவது அதன் பேரை எழுதி வைத்திருந்தால்தான் அது இன்னதென்று அந்தக் குரலுக்குத் தெரியும். எழுதாமல் விட்டால் 'படம்' என்றோ 'பொத்தான்' என்றோ சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். அப்படி எழுதாமல் விட்ட இடங்களை எல்லாம் தோண்டியெடுத்து, "இதுக்குப் பேர் வைங்க" என்று சொல்வதற்குத்தான் அத்தைக்குச் சம்பளம்.

அத்தைக்குப் பத்தொன்பதாவது வயதில் பார்வை போனது. நரம்புக் கோளாறு என்றார்கள். ஒரு பரீட்சைக்கும் அடுத்த பரீட்சைக்கும் நடுவில் போய்விட்டது என்பாள் அவள். அவளுடைய அண்ணனான என் அப்பா, "வீட்டுல இரு, நான் பாத்துக்கறேன்" என்றார். எட்டு வருடம் பார்த்துக்கொண்டார். எட்டு வருடமும் அவள் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் ஒரு நாள் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு பார்வையற்றோர் பயிற்சி நிலையத்துக்குப் போய்த் தானே பேர் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். அங்கே கணினி கற்றுக்கொண்டாள். ஒரு சிநேகிதியும் கிடைத்தாள். அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்த நிறுவனத்தில் அத்தையைச் சேர்த்தது கணக்குக் காட்டத்தான். மாற்றுத்திறனாளி ஒருவராவது பணியில் இருக்க வேண்டும் என்று விதி. முதல் வருடம் வேலையே கொடுக்கவில்லை. வருவாள், உட்காருவாள், போவாள். "அண்ணன் வீட்டு நாற்காலிக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசம்டி, இது சக்கரம் வச்சது" என்பாள். பொறுக்க முடியாமல் அந்த நிறுவனத்தின் சொந்த இணையதளத்தையே தட்டிப் பார்த்து, இருநூற்றுப் பன்னிரண்டு குறைகளை எழுதி மேலாளருக்கு அனுப்பிவிட்டாள். ஒன்று, வேலையை விட்டு அனுப்பியிருக்க வேண்டும். இல்லை, வேலை கொடுத்திருக்க வேண்டும். கொடுத்தார்கள்.

நான் ஆறு வருடம் நாடு நாடாகச் சுற்றிவிட்டு ஒரு முதுகுப்பையோடு திரும்பி வந்தபோது அவளுக்கு நாற்பத்தாறு வயது. தனியாக ஒரு வாடகை வீட்டில், தரைத்தளத்தில் இருந்தாள். முதலில் அப்பா வீட்டுக்குத்தான் போனேன். "எத்தனை நாளைக்கு?" என்றார். அத்தை வீட்டுக்குப் போனேன். "செருப்பை வலது பக்கமா விடு. இடது பக்கம் விட்டா நான் தடுக்கி விழுவேன்" என்றாள். இதுதான் வரவேற்பு என்று புரிந்துகொண்டேன். இரண்டு வாரம் என்று சொல்லிப் போனவள் பத்து மாதம் இருந்தேன்.

அவளுடைய கணினியை முதன்முதலில் கேட்டபோது அது கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தேன். பூச்சி கத்துகிற மாதிரி 'கிர்ர்' என்று ஒரு சத்தம். அவள் அந்தக் குரலை அவ்வளவு வேகமாக வைத்திருந்தாள். நமக்கு ஒரு வார்த்தை காதில் விழுவதற்குள் அவள் மூன்று வரி கேட்டு முடித்திருப்பாள். போதாததற்கு, குரல் முடிக்கும்வரை காத்திருப்பதும் கிடையாது. 'சம' என்று ஆரம்பித்தாலே 'சமர்ப்பி' என்று தெரிந்துகொண்டு அடுத்த விசையைத் தட்டிவிடுவாள். குரல் பாதியில் அறுந்து அடுத்ததற்கு ஓடும்.

"முழுசாப் பேச விட மாட்டீங்களா அத்தை?"

"உங்கப்பா பேசறப்ப நீ முழுசாவா கேக்கறே?"

அந்த வருடம் அவள் பார்த்துக்கொண்டிருந்தது வீட்டுவசதி அலுவலகத்துக்கான விண்ணப்பப் படிவம். நகரத்தில் புதிதாகக் கட்டிய குடியிருப்பில் தரைத்தள வீடுகளில் நாற்பதை மாற்றுத்திறனாளிகளுக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். இணையத்தில் மட்டும்தான் விண்ணப்பிக்க முடியும். ஒருவருக்கு ஒரு விண்ணப்பம். படிவத்தை அத்தையின் நிறுவனம் செய்துகொடுத்தது. நான்கு மாதத்தில் இருபத்து மூன்று பதிப்புகள் மாறி மாறி வந்தன. ஒவ்வொன்றையும் அத்தை முதலிலிருந்து கடைசிவரை நிரப்பிப் பார்த்தாள். கனவில்கூட நிரப்பிக்கொண்டிருப்பதாகச் சொன்னாள்.

இருபத்து மூன்றாவது பதிப்பைப் பதினோரு நிமிடத்தில் முடித்தாள். அன்றைக்கு அலுவலகத்தில் கைதட்டினார்களாம். 'பார்வையற்ற பயனர், எவர் உதவியும் இன்றி, பதினோரு நிமிடங்களில் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்தார்' என்று அறிக்கை எழுதி, அதில் அவளிடம் கையெழுத்து வாங்கினார்கள். கையெழுத்துப் போடுவதற்கு அவள் ஓர் அட்டையில் நீளமாக ஓட்டை வெட்டி வைத்திருக்கிறாள். அதைக் காகிதத்தின் மேல் வைத்து, ஓட்டைக்குள்ளே எழுதுவாள். பத்தொன்பது வயதில் எப்படிப் போட்டாளோ அதே கையெழுத்து. கடைசி எழுத்துக்குக் கீழே ஒரு சுழி. கல்லூரிப் பெண்கள் போடுவது போல.

இனி அந்தச் சிநேகிதி. பயிற்சி நிலையத்தில் அவளுக்கு 'ரேடியோ' என்று பேர். காலையில் வாயைத் திறந்தால் விடுதி விளக்கணைக்கும்வரை ஓயாது என்பதால் வைத்தது. பிறவியிலேயே பார்வை கிடையாது. ஒரு மருத்துவமனையில் தொலைபேசி எடுக்கிற வேலை. மூன்றாவது மாடியில் ஓர் ஒற்றை அறையில் தனியாக இருந்தாள். படிக்கட்டு இரும்பு. கைப்பிடி பாதி வழியில் நின்றுவிடும். ஏற்கெனவே ஒரு முறை விழுந்து இடுப்பு எலும்பில் கீறல் விழுந்து, ஆறு வாரம் படுத்துக் கிடந்தாள். இப்போது கட்டடத்தையே இடிக்கப் போகிறார்கள் என்று காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். பார்வையில்லாத, தனியான பெண்ணுக்கு வாடகைக்கு வீடு கேட்டு நான் அவளோடு அலைந்திருக்கிறேன். "கேஸ் அடுப்பை மறந்து திறந்து வச்சிட்டா?" என்று கேட்காத வீட்டுக்காரரே இல்லை. "அப்ப நீங்க என்னைக்கும் மறந்ததே இல்லையா சார்?" என்று அவள் கேட்பாள். அத்தோடு கதவு சாத்திக்கொள்ளும்.

அந்த நாற்பது வீடுகளில் ஒன்று கிடைக்க அவளுக்கு எல்லாத் தகுதியும் இருந்தது. விண்ணப்பம் திறந்த அன்றே அத்தைக்குப் போன் செய்தாள். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன்.

"பக்கத்து ரூம் டீச்சரம்மாவைக் கூப்பிட்டு நிரப்பச் சொல்லட்டுமாடி?"

"எதுக்குடி? நான் பாத்த ஃபார்ம் அது. இருபத்து மூணு தடவை. கண்ணு இருக்கறவளுக்கே வழி சொல்ற மாதிரிப் பண்ணி வச்சிருக்கேன். நீயே போடு."

"தப்பாயிடுச்சுன்னா?"

"ஆகாது. இத்தனை வருஷம் எவ கையையாவது பிடிச்சுக்கிட்டுத்தான் ஃபார்ம் போட்டிருக்கோம். இதையாவது நம்ம கையால போடுடி. என்னை நம்பு."

ரேடியோ நம்பினாள். மூன்று நாள் மாலை உட்கார்ந்து நிரப்பினாள். நான்காம் நாள், "போட்டாச்சு! ஒரு ஆளைக் கூப்பிடல. ஒருத்தரையும்!" என்று போனில் கத்தினாள். அன்றைக்கு இரண்டு பேரும் ஒரு மணி நேரம் பேசினார்கள். சுவர் எல்லாம் என்ன நிறம் அடிப்பது என்றுகூடப் பேச்சு வந்தது. "உனக்கு எதுக்குடி நிறம்?" என்று அத்தை கேட்க, "வர்றவங்களுக்குடி, பாக்கறவங்க பாக்கட்டும்" என்றாள் அவள்.

மூன்று வாரம் கழித்து அவளுடைய செல்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. 'தங்கள் வேண்டுகோளின்படி தங்கள் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டது. இச்சுற்றில் மீண்டும் விண்ணப்பிக்க இயலாது.'

அதைப் போனில் சொல்லவில்லை. நேரே வந்துவிட்டாள். வந்ததும் செருப்பை இடது பக்கம் விட்டாள், அவள் இருந்த இருப்பில்.

"நான் எப்படி வேண்டாம்னு சொல்லியிருப்பேன்? சொல்லுடி. எனக்குப் பைத்தியமா?"

"நீ கடைசிப் பக்கத்துல என்ன பண்ணினே?"

"நீ பண்ணச் சொன்னதைத்தான் பண்ணினேன்."

அத்தையின் கணினியில் அந்தப் படிவத்தின் சோதனைப் பிரதி அப்போதும் இருந்தது. கடைசிப் பக்கத்தைத் திறந்து ரேடியோவிடம் கொடுத்தாள். ரேடியோ குரலின் வேகத்தைக் குறைத்தாள். அந்த வீட்டில் அந்தக் குரல் மனிதர் பேசுகிற வேகத்தில் பேசி நான் கேட்டது அன்றுதான். பக்கத்தின் அடிக்குப் போனாள். குரல் நிதானமாகச் சொன்னது.

"பொத்தான். பொத்தான். பொத்தான்."

நான் திரையைப் பார்த்தேன். மூன்று சின்னப் படங்கள் இருந்தன. ஓர் அச்சு இயந்திரம். குறுக்கே கோடு போட்ட ஒரு தாள். பச்சை நிறத்தில் ஒரு சரி அடையாளம். எழுத்து ஒன்றுகூட இல்லை.

"முதல்ல இருக்கறதை அமுக்கினேன்" என்றாள் ரேடியோ. "பிரிண்டர் இல்லைன்னு சொல்லுச்சு. சரி, அது பிரிண்ட்னு தெரிஞ்சுக்கிட்டேன். அடுத்ததை அமுக்கினேன். 'நிச்சயமாகவா?'ன்னு கேட்டுச்சு. நான் நிச்சயமாத்தான் இருந்தேன். ஆமான்னு போட்டேன். 'வேண்டுகோள் பதிவானது'ன்னு வந்துச்சு."

"ரெண்டாவது 'திரும்பப் பெறு'டி" என்றாள் அத்தை. "மூணாவதுதான் சமர்ப்பி. அது எல்லாருக்கும்…"

சொல்ல வந்ததை நிறுத்திக்கொண்டாள்.

"எல்லாருக்கும்?" என்றாள் ரேடியோ. "யாருக்குடி தெரியும்? உனக்குத் தெரியும். வேற எவளுக்குத் தெரியும்?"

அத்தை விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள். அதே பக்கத்தில், தன் வழக்கமான வேகத்தில் போனாள். கிர்ர் என்று மூன்று துண்டுச் சத்தம், ஒவ்வொன்றும் முதல் எழுத்தோடு அறுந்தது. விரல் மூன்றாவது தட்டில் 'சமர்ப்பி'யில் நின்றிருந்தது. மறுபடி செய்தாள். மறுபடி. நான்காம் முறை பாதியில் கையை எடுத்துவிட்டாள்.

அப்போதுதான் எனக்கும் விளங்கியது. ஒன்பதாம் பதிப்பிலேயே அந்தப் பொத்தான்களுக்குப் பேர் இருந்தது. அவள்தான் சண்டை போட்டு எழுத வைத்தாள். அதற்குப் பிறகு எப்போதோ யாரோ எழுத்தை எடுத்துவிட்டுப் படம் வைத்திருக்கிறார்கள். வைத்தவர் அவளிடம் சொல்லவில்லை. அவளும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. அவள் காது அந்த இடத்தில் எப்போதோ வேலையை விட்டுவிட்டது. விரல் மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது. எட்டு வருடம் நாற்காலியில் இருந்தவள், இந்த உலகத்தில் தான் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு செய்ய முடியும் என்கிற மிதப்பில் இருந்திருக்கிறாள்.

மேல்முறையீட்டுக்குப் பதினைந்து நாள் அவகாசம் இருந்தது. மூன்று பேரும் வீட்டுவசதி அலுவலகத்துக்குப் போனோம். அங்கே இருந்த அதிகாரி அம்மாள் என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"அவங்களுக்கு என்ன வேணுமாம்?"

"அவங்க இங்கதான்மா நிக்கறாங்க. வாயும் இருக்கு" என்றாள் ரேடியோ.

அதிகாரி கோபித்துக்கொள்ளவில்லை. பொறுமையாக ஒரு கோப்பை எடுத்தார். "பாருங்கம்மா, பார்வை இல்லாதவங்களை வச்சே சோதிச்சுட்டுத்தான் போட்டிருக்கோம். ஒருத்தங்க பதினோரு நிமிஷத்துல முடிச்சிருக்காங்க. யார் உதவியும் இல்லாம. கையெழுத்துப் போட்டிருக்காங்க. உங்களுக்கு மட்டும் ஏன் முடியல? பழக்கம் இல்லையோ என்னமோ."

"அது நான்தான்" என்றாள் அத்தை.

அதிகாரியின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அவர் நிஜமாகவே சந்தோஷப்பட்டார். "அட, நீங்களா! பாருங்க, அவங்களே வந்திருக்காங்க. உங்க கூடவே இருக்காங்களே, அவங்ககிட்டக் கேட்டுப் போட்டிருக்கலாமே!"

ரேடியோ வெளியே வந்து கைப்பிடியைத் தடவிப் படியிறங்கினாள். தெருவுக்கு வந்ததும், "நீ கையெழுத்துப் போட்டது எனக்கு எதிரா சாட்சி சொல்லுதுடி" என்றாள். திட்டுகிற குரலில் அல்ல. மருத்துவமனையில் போனை எடுத்து, டாக்டர் இல்லை, நாளைக்கு வாருங்கள் என்று சொல்லுகிற குரலில்.

மறுநாள் அத்தை என்னையும் அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். திரையில் இருப்பதை யாராவது மறுத்தால் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும் என்றாள். யாரும் மறுக்கவில்லை. அந்தப் படிவத்துக்கு நிரல் எழுதியவர் நாங்கள் உள்ளே போகும்போதே எழுந்து நின்று, "அக்கா, பதினேழாவது வெர்ஷன்ல டிசைன் ஆளுங்க மாத்தினது. லிஸ்ட்ல 'தோற்ற மாற்றம்'னு மட்டும் போட்டிருந்தாங்க. தோற்றம்தானேன்னு அந்த லிஸ்ட்டை உங்களுக்கு அனுப்பல" என்றார்.

மேலாளர் அத்தையைவிடப் பத்து வயது சின்னவர். அவரை அவள் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவாள். கண்ணாடி அறையில் உட்கார வைத்து, கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"மேடம், தப்புதான். நாளைக்கே பேர் எழுதிடச் சொல்றேன். அடுத்த சுற்றுக்கு சரியா இருக்கும்."

"இந்தச் சுற்று?"

"அது முடிஞ்சு போச்சே."

"முடியல தம்பி. அப்பீல் இருக்கு. அந்த அறிக்கை தப்புன்னு நான் எழுதிக் குடுத்தா அவ அப்பீல் நிக்கும்."

அவர் கொஞ்ச நேரம் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். "மேடம், ஒரு பட்டன். மொத்த ஃபார்மும் நீங்க ஒழுங்கு பண்ணிக் குடுத்தது. எத்தனை பேரு நல்லபடியாப் போட்டிருக்காங்க. ஒரு பட்டனுக்காக மொத்த அறிக்கையும் பொய்னு எழுதுவீங்களா?"

"வீடு அந்த ஒரு பட்டன்லதான் தம்பி இருக்கு."

"இந்த வேலை போச்சுன்னா அடுத்து ஒரு அரசாங்க வேலையும் நம்ம கம்பெனிக்கு வராது. இங்க இருபத்தாறு பேர் இருக்கோம். உங்களையும் சேர்த்து."

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. கெட்டவராக இருந்தால் மேசையில் இருந்த தண்ணீரை எடுத்து ஊற்றிவிட்டு வந்திருக்கலாம்.

அத்தை கடிதத்தை அன்று மாலை வீட்டில் உட்கார்ந்து தானே தட்டினாள். குரலின் வேகத்தை ரேடியோ வைத்த இடத்திலிருந்து அவள் மாற்றவில்லை. படத்தை மாற்றியவர்களைப் பற்றி எழுதலாமே என்றேன். "அவங்க மாத்தினதைப் பிடிக்கத்தானே எனக்குச் சம்பளம்" என்றாள். தன்னைப் பற்றி மட்டும் எழுதினாள். அதில் சில வரிகள் எனக்கு இப்போதும் மனப்பாடம்.

'கடைசிப் பக்கத்தை நான் கேட்கவில்லை. எத்தனையாவது என்று தெரிந்து வைத்திருந்ததால் அமுக்கினேன். நான் பூர்த்தி செய்தது உண்மை. பார்வையற்ற ஒருவரால் பூர்த்தி செய்ய முடியும் என்று அதற்கு அர்த்தம் இல்லை. நான்கு மாதம் ஒரு படிவத்தோடு இருந்த எவரும் அந்தப் படிவத்தைச் சோதிக்கத் தகுதி உள்ளவர் அல்லர். என் கையெழுத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.'

அட்டையை வைத்து, சுழியோடு கையெழுத்துப் போட்டாள். ஒரு பிரதி வீட்டுவசதி அலுவலகத்துக்கு, ஒன்று மேலாளருக்கு.

பதில் ஐந்து வாரம் கழித்து வந்தது. நான்தான் படித்துக் காட்டினேன். சோதனை அறிக்கை செல்லாததாகக் கருதப்படும். படிவம் அடுத்த சுற்றுக்குள் திருத்தப்படும். ஒதுக்கீடு ஏற்கெனவே முடிந்துவிட்டதால் மேல்முறையீடு நிராகரிக்கப்படுகிறது. அடுத்த சுற்று எப்போது என்று குறிப்பிடவில்லை.

"அப்ப நான் சொன்னது உண்மைன்னு ஒத்துக்கிட்டாங்க" என்றாள் ரேடியோ.

"ஒத்துக்கிட்டாங்க."

"ஆனா வீடு இல்ல."

"இல்ல."

"நல்லது. பொய்னு சொல்லி வீடு இல்லைன்னா மனசு கஷ்டப்பட்டிருக்கும்" என்றாள். சிரிப்பாள் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை.

தன் வீட்டுக்கு வந்துவிடும்படி அத்தை கூப்பிட்டாள். ஒருமுறை இல்லை, நான் கேட்டது மட்டுமே ஆறு முறை இருக்கும். நான் படுத்திருந்த அறையை ஒழித்துக் கொடுத்துவிடுவதாக நானும் சொன்னேன். "உன் வீட்டுல நான் விருந்தாளிடி. எது எங்க இருக்குன்னு நீதான் முடிவு பண்ணுவே. என் பேர்ல எனக்கு ஒரு கதவு வேணும்னுதானே கேட்டேன்" என்று சொல்லிவிட்டு, வேலைக்குப் போகும் பெண்கள் விடுதியில் சேர்ந்தாள். இரண்டாவது மாடி. ஆறு கட்டில். அவளுடையது கதவை ஒட்டியது; போகிறவர் வருகிறவர் எல்லாம் அவள் காலில் இடித்துக்கொண்டு 'ஸாரி' சொல்லிவிட்டுப் போவார்கள்.

அத்தையை நிறுவனம் வேலையை விட்டு நீக்கவில்லை. அதைவிட மரியாதையாக நடந்துகொண்டார்கள். மேலாளர் அவளைக் கூப்பிட்டு, அவள் கடிதத்தின் ஒரு வரியை அவளுக்கே வாசித்துக் காட்டினாராம். நான்கு மாதம் ஒரு படிவத்தோடு இருந்த எவரும், என்கிற வரி. "நீங்க சொன்னது ரொம்பச் சரி மேடம். அதையே விதியா வச்சுட்டோம். இனிமே ஒவ்வொரு தடவையும் புதுசா ஒரு பார்வையில்லாதவங்களை அரை நாளைக்குக் கூப்பிட்டுச் சோதிக்கப் போறோம். அதுதான் நியாயம், இல்லையா?" அவளைப் பயிற்சிப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே பயிற்சிக்கு ஆள் கிடையாது. மாதத்துக்கு ஒருமுறை புதிதாகச் சேர்ந்தவர்கள் முன்னால் நின்று, பார்வை இல்லாமல் வாழ்வது எப்படி என்று பேச வேண்டும். மற்ற நாளெல்லாம் வருவாள், உட்காருவாள், போவாள்.

"என்ன சொன்னீங்க அவர்கிட்ட?"

"சரிங்க சார்னேன்" என்றாள். அவரை 'தம்பி' என்று அவள் அதற்குப் பிறகு சொல்லிக் கேட்டதில்லை.

நான் மறுபடி கிளம்ப டிக்கெட் எடுத்திருந்த வாரம் ரேடியோ வந்தாள். முன்பு வாராவாரம் வருவாள். இப்போது மாதம் ஒருமுறை. கையில் ரொட்டிப் பொட்டலம் வாங்கி வந்தாள், அந்நியர் வீட்டுக்கு வருகிற மாதிரி. உட்கார்ந்தவள் கொஞ்ச நேரம் விடுதித் தண்ணீரைப் பற்றிப் பேசினாள். அப்புறம், "உன் ஆபீஸுக்குப் போனேன்டி" என்றாள்.

"எதுக்கு?"

"கூப்பிட்டாங்க. பயிற்சி நிலையத்துக்குப் போன் பண்ணி, அந்த ஃபார்ம் புதுசா ரெடியாயிருக்கு, கம்ப்யூட்டர்ல அதிகம் பழக்கமில்லாதவங்க ஒருத்தர் வேணும்னு கேட்டிருக்காங்க. என் பேரைக் குடுத்துட்டாங்க. காலையில போனேன், மத்தியானம் வந்துட்டேன். உன்னை விசாரிச்சேன். உன் ரூம் வேற மாடியாமே."

அத்தை ரொட்டிப் பொட்டலத்தின் நூலை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். "எப்படி இருக்கு?" என்றாள்.

"நல்லா இருக்குடி. எல்லாம் பேசுது. 'சமர்ப்பி'ன்னு சொல்லுது. 'திரும்பப் பெறு'ன்னு சொல்லுது. அதை அமுக்கினா, 'உங்கள் விண்ணப்பத்தை வேண்டாம் என்கிறீர்களா?'ன்னு முழுசாக் கேக்குது. பச்சைக் குழந்தைகூடப் போட்டுடும்."

"உன் பேர்லயா போட்டே?"

"என் பேரைப் போடக் கூடாதாம். சோதனைக்குன்னு ஒரு பேர் எழுதிக் குடுத்தாங்க. யாரோ ஒருத்தி, வயசு முப்பது, முழுப் பார்வை இழப்பு. அவளுக்கு 'விண்ணப்பம் ஏற்கப்பட்டது'ன்னு வந்துச்சு. கை தட்டினாங்க."

நான் தேநீர் எடுத்து வரும் சாக்கில் எழுந்தேன். சமையலறையிலிருந்தும் கேட்டது.

"நீ போகாம இருந்திருக்கலாம்" என்றாள் அத்தை.

"ஏன்? நீ பத்து வருஷம் போனே, நான் ஒரு நாள் போகக் கூடாதா?"

"மறுபடி கூப்பிட்டா?"

"கூப்பிட மாட்டாங்க. வர்றப்பவே சொல்லிட்டாங்க. ஒரு தடவைதானாம். இனிமே நானும் பழகினவளாம்."